தேதி போடாமல் அச்சடித்த அருவி

இரண்டு வருடங்களுக்கு முந்தைய சித்திரை மாதம், ஒரு ஞாயிற்றுக்கிழமை. தென்காசியில் என் வீட்டு அடுப்படியில் நின்று மீன் கழுவிக்கொண்டிருந்தேன். அப்போது வந்த ஒரு போனில் ஆரம்பித்தது எல்லாம். ஆனால் அதற்கு முன்னால் அந்த வாழ்த்து அட்டையின் கதையைச் சொல்லிவிட வேண்டும். இல்லாவிட்டால் எனக்கு ஏன் அப்படிக் கோபம் வந்தது என்று உங்களுக்குப் புரியாது.

நான் கல்யாணப் பத்திரிகைக் கடை வைத்திருக்கிறேன். வருடம் முழுக்க ஓயாத வேலைதான். ஆனால் மார்கழி வந்துவிட்டால் போச்சு. மார்கழியில் யார் கல்யாணம் வைக்கிறார்கள்? மெஷின் தூங்கும், வெட்டி மிஞ்சிய நல்ல அட்டைகள் மூலையில் கிடந்து பல்லிளிக்கும். பக்கத்துக் கடை போட்டோக்காரருக்கும் அதே கதி. கல்யாணம் இல்லையென்றால் அவருக்கு மட்டும் என்ன வேலை? கேமராவைத் துடைப்பதும், டீ குடிப்பதும், என் கடையில் வந்து உட்கார்ந்து ஊர்வம்பு பேசுவதுமாக இருப்பார். அப்படி ஒரு நாள் பேச்சுவாக்கில்தான், நம்ம ஊர்ப் படங்களைப் போட்டுப் பொங்கலுக்கு வாழ்த்து அட்டை அடித்தால் என்ன என்று கேட்டார். அட்டை சும்மா கிடக்கிறது, மெஷின் சும்மா கிடக்கிறது, நாங்களும் சும்மா இருக்கிறோம். சரி என்றேன். அன்றைக்கே வாயை மூடிக்கொண்டு இருந்திருக்கலாம்.

முதலில் கோபுரம். தென்காசிக்காரர்களுக்கு அதைவிட என்ன இருக்கிறது? ஆனால் போட்டோ எடுக்கப் போனால் கோபுரத்துக்குக் குறுக்கே ஒரு சடங்கு வீட்டு பிளக்ஸ். அதை எடுக்கும்வரை காத்திருந்தோம். எடுத்தார்கள். மறுநாள் போனால் அதே இடத்தில் கண்ணீர் அஞ்சலி பிளக்ஸ். ஒரு மாதிரி வளைந்து நெளிந்து, வயர்களுக்கு நடுவில் கோபுரத்தைப் பிடித்தோம். பிறகு செங்கோட்டை வளைவு, குற்றாலம் சித்திரசபை, பண்பொழி மலைக்கோயில், சுந்தரபாண்டியபுரம் வயல்வெளி என்று வரிசையாக வந்தது.

குற்றாலம் மெயின் அருவிக்கு மட்டும் அவர் புதிதாகப் படம் எடுக்கவில்லை. ஆடி மாதம் ஒரு புதுக் கல்யாண ஜோடியை அருவிக்கு முன்னால் நிறுத்தி எடுத்த படம் அவரிடம் இருந்தது. தண்ணீர் என்றால் தண்ணீர், அப்படிக் கொட்டுகிறது அதில். மாப்பிள்ளையையும் பெண்ணையும் கம்ப்யூட்டரில் அழித்துவிட்டு அருவியை மட்டும் வைத்துக்கொண்டார். போதாததற்குக் கல்யாணப் பெண் முகத்துக்குப் போடுவதுபோல அருவிக்கும் பளபளப்பு ஏற்றிவிட்டார்.

அட்டைக்குள்ளே ஒரு வாசகம் வேண்டுமே. எனக்கு வாழ்நாள் முழுக்கக் கை பழகியது பத்திரிகை வாசகம்தான். "எங்கள் ஊருக்கு வாருங்கள்! தங்கள் வருகையை அன்புடன் எதிர்பார்க்கும் தென்காசி" என்று போட்டேன். பின்பக்கம் கடை பெயரும் போன் நம்பரும்.

எங்கள் கடையில் புரூப் பார்ப்பது என்றால் சாதாரண விஷயம் இல்லை. ஒரு தாய்மாமன் பெயர் விட்டுப்போனால் கல்யாணமே நின்றுபோகும் ஊர் இது. பெண் வீட்டார், மாப்பிள்ளை வீட்டார், பங்காளி என்று ஆளுக்கு ஒரு தடவை படித்துப் பார்த்த பிறகுதான் மெஷினில் ஏற்றுவேன். நாள், நட்சத்திரம், முகூர்த்த நேரம் எல்லாவற்றையும் விரல் வைத்து வாசிக்கச் சொல்வேன். அதே வழக்கப்படி வாழ்த்து அட்டைப் புரூபையும் கடையில் தொங்கவிட்டேன். வந்தவர் போனவர் எல்லாரும் பார்த்தார்கள், ஆளுக்கு ஒரு குறை சொன்னார்கள்.

"கோபுரத்துல கலசம் பாதி அறுந்துபோச்சே, கண்ணு தெரியலையா?" என்றார் ஓய்வுபெற்ற போலீஸ்காரர் ஒருவர்.

"எங்க ஊர் வளைவத்தான் மொத அட்டையில போடணும். பின்னால தள்ளிட்டீய, பாத்தீயளா?" என்று செங்கோட்டைக்காரர் ஒருவர் சண்டைக்கு வந்தார்.

"இலத்தூர்க் குளத்த ஏன்க்கா விட்டுட்டே? அது நீ பொறந்த ஊருதான?" என்றான் என் கூடப் பிறந்த தம்பி. அவன் இலத்தூரில் விவசாயம் பார்க்கிறான்.

இப்படி ஊரே கூடிக் குறை சொன்னதே தவிர, அந்த அட்டையில் இருந்த உண்மையான குறையை ஒருவர்கூடச் சொல்லவில்லை. எனக்கும் தெரியவில்லை.

அட்டை ஓரளவு விற்றது. பொங்கல் லீவுக்கு வந்திருந்த கடையம் ஊர்ப் பெண் ஒருத்தி, சென்னையில் நர்ஸாக வேலை பார்க்கிறவள், ஒரு கட்டே வாங்கிப் போனாள். தன் ஆஸ்பத்திரியில் இருக்கிறவர்களுக்குக் கொடுக்கப் போவதாகச் சொன்னாள். நல்ல பிள்ளை என்று நினைத்துக்கொண்டேன். தை பிறந்தது, பொங்கல் முடிந்தது, முகூர்த்தம் வந்தது, அட்டையை நான் மறந்தே போனேன்.

இப்போது அந்த ஞாயிற்றுக்கிழமைக்கு வருகிறேன். மீன் கழுவிய கையோடு முழங்கையால் போனை அழுத்தினேன்.

"ஹலோ, பத்திரிகைக் கடைங்களா? நாங்க குற்றாலத்துல மெயின் அருவிக்கு முன்னாடி நிக்கிறோம். அருவி எங்கங்க இருக்கு?"

எனக்குச் சிரிப்பதா, திட்டுவதா என்று தெரியவில்லை.

"மெயின் அருவிக்கு முன்னால நின்னுக்கிட்டு அருவி எங்கன இருக்குன்னு கேக்கீயளே, நல்லா இருக்கா?"

"இல்லீங்க, இங்க வெறும் பாறைதான் இருக்கு. தண்ணி இல்ல. அதான் வேற எங்கேயாச்சும் மாத்தி வந்துட்டமோன்னு..."

"சித்திரையில எவராவது குத்தாலத்துக்கு வருவாவளா? சாரல் அடிக்கணும்லா? ஆனி, ஆடியில வரணும். இது சின்னப் பிள்ளைக்கும் தெரியுமே. ஞாயித்துக்கெழமையும் அதுவுமா மனுசிய நிம்மதியா மீன் கழுவ விட மாட்டீய!"

அந்த ஆள் கோபமே இல்லாமல் சொன்னார்: "கார்டுல அப்படி எதுவும் போடலீங்களே. வாங்கன்னுதான் போட்டிருக்கு."

போனை வைத்துவிட்டேன். இது என்ன நியாயம்? வாழ்த்து அட்டையை வாங்கினால் வாழ்த்தை எடுத்துக்கொள்ள வேண்டும், பையைத் தூக்கிக்கொண்டு ரயில் ஏறி வருவார்களா? கோட்டிக்காரப் பயலுவ என்று திட்டிக்கொண்டே மறுபடி மீனில் கையை வைத்தேன். கை ஓடவில்லை. "வாங்கன்னுதான் போட்டிருக்கு" என்றது காதிலேயே நின்றது. கையைக் கழுவிவிட்டு, அலமாரியில் மீதி இருந்த அட்டை ஒன்றை எடுத்துப் பிரித்துப் பார்த்தேன். கொட்டுகிற அருவி. உள்ளே என் வாசகம். வாருங்கள், வாருங்கள் என்று அழைக்கிறேன். எப்போது வர வேண்டும் என்று ஒரு வார்த்தை இல்லை.

எனக்கு வந்த ஆத்திரத்தை என்னவென்று சொல்ல! முகூர்த்த நேரத்தில் கால் மணி நேரம் மாறினால்கூடக் கண்டுபிடிக்கிற நான், தேதி போடாமல் ஓர் அழைப்பிதழ் அடித்திருக்கிறேன். தென்காசியே கூடி நின்று புரூப் பார்த்திருக்கிறது. எங்களுக்கு அருவி என்றால் ஆடிதான். வெளியூர்க்காரர்களுக்கு அது தெரிய வேண்டும் என்று எங்கள் ஒருத்தருக்கும் தோன்றவில்லை.

போட்டோக்காரருக்குப் போன் போட்டுச் சொன்னேன். "யக்கா, போன்ல தேடிப் பாத்தா தெரிஞ்சிருமே, இதுக்குப் போயி நாம என்ன செய்ய முடியும்? சவத்த விடுங்க" என்றார். அவரையும் நாலு திட்டுத் திட்டிவிட்டு, மீனை ஃபிரிட்ஜில் தள்ளிவிட்டு, ஸ்கூட்டரை எடுத்தேன். போய் ஒரு மன்னிப்புச் சொல்லி, சித்திரசபையைக் காட்டி, நல்ல ஹோட்டலில் ஒரு சாப்பாடு வாங்கிக் கொடுத்து அனுப்பிவிடுவது என்பதுதான் திட்டம். ஒரு மணி நேரத்தில் திரும்பி வந்து குழம்பு வைத்துவிடலாம்.

சித்திரை மாதத்துக் குற்றாலத்தைப் பார்த்திருக்கிறீர்களா? எண்ணெய் தேய்த்துவிடுகிறவர்கள் இல்லை, பழக்கடைகள் பாதி மூடிக் கிடக்கும், குரங்குகள் மட்டும் யாராவது வருவார்களா என்று பார்த்துக்கொண்டிருக்கும். மேலே இருந்து கீழே வரை கருப்பாக ஒரே பாறை. தண்ணீர் விழும்போது கண்ணுக்குப் படாத, பாறையில் செதுக்கின சின்னச் சின்ன லிங்கங்கள்கூட அன்றைக்கு வெயிலில் தெளிவாகத் தெரிந்தன.

அவர்கள் இரண்டு பேர்தான். முப்பது, முப்பத்தைந்து வயதுக்குள் இருக்கும் கணவன் மனைவி. அவர் நின்றுகொண்டிருந்தார். அந்தப் பெண் படியில் உட்கார்ந்து, என் அட்டையைப் பாறைக்கு நேராகத் தூக்கிப் பிடித்துக்கொண்டு, அதையும் இதையும் மாற்றி மாற்றிப் பார்த்துக்கொண்டிருந்தாள். முகம் உப்பியிருந்தது. உதடு வெடித்துக் கிடந்தது.

"நீங்கதான் இந்த அட்டை அடிச்சவங்களாக்கா?" என்று கேட்டுச் சிரித்தாள். அந்தச் சிரிப்பில் கிண்டல் எதுவும் இல்லை. அதுதான் எனக்கு இன்னும் எரிச்சலாக இருந்தது. ரெண்டு வார்த்தை ஏசியிருந்தால்கூட நானும் பதிலுக்குப் பேசி மனதை ஆற்றிக்கொண்டிருப்பேன்.

வெயிலில் வாடிக் கிடக்கிறார்களே என்று இளநீர் வாங்கி நீட்டினேன். வேண்டாம் என்றார்கள். மோர்? வேண்டாம். காப்பியாவது குடிங்க என்றேன். அதுவும் வேண்டாம் என்றாள் அந்தப் பெண். எங்கள் ஊரில் வந்து ஒரு வாய் தண்ணீர்கூட வாங்கிக் குடிக்காவிட்டால் அது என்ன மரியாதை? அட்டையில் தப்பு வந்ததற்காக இவ்வளவு வீம்பா?

"சரிம்மா, நடந்தது நடந்துபோச்சு. ஆனி கடைசியில வாங்க. ரூம், சாப்பாடு எல்லாம் நானே பாத்துத் தாரேன்" என்றேன்.

"வர முடியாதுங்க" என்றார் அவர்.

பிறகுதான் சொன்னார். அவளுக்கு இரண்டு சிறுநீரகமும் போய்விட்டன. வாரத்துக்கு மூன்று நாள் ஆஸ்பத்திரியில் டயாலிசிஸ். முந்தின நாள் அதை முடித்துக்கொண்டு ராத்திரி ரயில் ஏறியிருக்கிறார்கள், அன்று சாயங்கால ரயிலிலேயே திரும்ப வேண்டும். அடுத்த மாதம் மாற்று அறுவை சிகிச்சை. கொடுப்பவர் அவர்தான். அது முடிந்த பிறகு தொற்று வந்துவிடக் கூடாது என்பதால் அருவி, ஆறு, கூட்டம் எதன் பக்கமும் நெடுநாளைக்குப் போகக் கூடாது என்று டாக்டர் சொல்லியிருக்கிறார். அதனால் அதற்கு முன்னால் ஒரே ஒரு தடவை.

"எங்க நர்ஸ் பொண்ணு பொங்கலுக்கு இதக் குடுத்துச்சு. மிஷின் ஓடுற நேரம் பூரா இவ இதத்தான் பாத்துட்டு இருப்பா. சாப்பாட்டக்கூட விட்டுருவா, தண்ணிய விடுறதுதாங்க இவளுக்குக் கஷ்டம். ஒரு நாளைக்கு இவ்ளோதான்" என்று பையிலிருந்து ஒரு சின்ன பாட்டிலை எடுத்துக் காட்டினார். காலி பாட்டில். "குழம்பு, காப்பி எல்லாம் இதுக்குள்ளதான். இன்னிக்குக் காலையில இருந்து ஒரு சொட்டு குடிக்கல. அருவியில நின்னு பிடிச்சு, இன்னிக்குப் பங்க மொத்தமா அங்கேயே குடிக்கணும்னு பிடிவாதம்."

நான் கையில் இளநீரோடு நின்றுகொண்டிருந்தேன். இளநீரில் இருக்கிற பொட்டாசியம் அவளுக்கு விஷம் மாதிரி என்று பிறகுதான் தெரிந்தது. எனக்கு யார் மேல் கோபப்படுவது என்றே தெரியவில்லை. நர்ஸ் பிள்ளை மேல் வந்தது, போட்டோக்காரர் மேல் வந்தது, என் மேல் எக்கச்சக்கமாக வந்தது. அந்தப் பாறையைப் பார்த்தாலே பற்றிக்கொண்டு வந்தது. வருடத்தில் பாதி நாள் யாரும் கேட்காமலே கொட்டுகிறாய் அல்லவா, இன்றைக்கு ஒரு வாளி விட்டால் என்ன கேடு?

ஐந்தருவிப் பக்கம் கடை வைத்திருக்கும் தெரிந்தவரிடம் போனில் கேட்டேன். நூல் மாதிரி ஒழுகுகிறது, அதற்கும் கூட்டம் முண்டியடிக்கிறது என்றார். கூட்டத்துக்குள் இவளைக் கொண்டுபோக முடியாது. அப்போதுதான் தம்பியின் பம்புசெட் ஞாபகத்துக்கு வந்தது. உடனே அவனைக் கூப்பிட்டேன்.

"ஏலே, மோட்டார் ஓடுதா?"

"த்ரீ பேஸ் கரண்டே இல்லியேக்கா. மத்தியானத்துக்கு மேலதான் வரும். எதுக்குக் கேக்க?"

"குளிக்கதுக்கு."

"ஒங்க வீட்டுக் குழாய்க்கு என்ன கேடு வந்துச்சு?"

விஷயத்தைச் சொன்னேன். அவன் லேசுப்பட்டவன் இல்லை. "மெட்ராஸ்காரவளுக்கு அருவி வேணும்னா நான் என்ன செய்ய? கெணத்துல தண்ணியே கீழ கெடக்கு. வெண்டைக்குப் பாய்ச்சணும். நீ அட்டை அடிச்சதுக்கு நான் தண்ணி விடணுமாக்கும்? இலத்தூர்க் குளத்தப் போடச் சொன்னப்ப மட்டும் போடல" என்று ஒரு பாட்டம் பாடி முடித்துவிட்டு, "சரி, கூட்டிட்டு வா. சோப்பு, ஷாம்பு எதுவும் போடக் கூடாது, சொல்லிட்டேன்" என்றான்.

அவர்களை ஆட்டோவில் ஏற்றிவிட்டு நான் ஸ்கூட்டரில் முன்னால் போனேன். அருவி பார்க்க வந்தவர்களைப் பம்புசெட்டுக்குக் கூட்டிப்போவது எனக்கே அவமானமாகத்தான் இருந்தது. அந்தப் பெண்ணோ, வழியெல்லாம் வேடிக்கை பார்த்துக்கொண்டு வந்தாள்.

மோட்டார் ரூமை ஒட்டி ஒரு மாமரம். அதன் நிழலில் துண்டு விரித்து உட்கார வைத்தோம். கையோடு கொண்டுவந்திருந்த உப்பில்லாத இட்லியைச் சாப்பிட்டார்கள். தண்ணீர் இல்லாமல் இட்லியை அவள் விழுங்கியதைப் பார்க்க என்னால் முடியவில்லை, திரும்பி உட்கார்ந்துகொண்டேன். மத்தியானம் ஆனது. கரண்டு வரவில்லை. தம்பி மீட்டர் பெட்டியையும் என்னையும் மாறி மாறி முறைத்தான். யாருக்கோ போன் போட்டுக் கேட்டான். லைனில் ஏதோ வேலை நடக்கிறதாம், வந்தால் வரும் என்றார்களாம்.

"வந்தா வருமாம்! இது ஒரு பதிலாலே?" என்று அவன் மேல் பாய்ந்தேன்.

"என்கிட்ட எதுக்குக்கா எரிஞ்சு விழுத? நானா கரண்ட மடியில கட்டி வச்சிருக்கேன்?"

இரண்டு பேரும் சண்டை போட்டுக்கொண்டிருக்க, அந்தப் பெண் எங்களைப் பார்த்துச் சிரித்துக்கொண்டிருந்தாள். சிரித்தால் உதடு வலிக்கிறது போலிருக்கிறது, கையை வைத்துப் பொத்திக்கொண்டு சிரித்தாள்.

"ஏம்மா, பானையில நல்ல தண்ணி இருக்கு. பாதியவாவது குடிச்சிரு. தொண்டை வறண்டு எனக்கே கண்ணக் கட்டுது ஒன்னியப் பாத்தா. அருவிதான் இல்லன்னு ஆயிப்போச்சே, இன்னும் என்ன பிடிவாதம்?" என்று திட்டினேன்.

"எங்க நர்ஸ் பொண்ணும் இப்படித்தான் திட்டும். உங்க ஊர்ல எல்லாருமே இப்படித்தானாக்கா? இவ்ளோ நேரம் பொறுத்தாச்சு, இன்னும் கொஞ்ச நேரம்" என்றாள். பிறகு அட்டையை என்னிடம் நீட்டினாள். "இந்தப் பாறை ஓரத்துல ஏதோ நிழல் மாதிரி இருக்கே, ரெண்டு பேரு நிக்கிற மாதிரி. அது என்னக்கா?"

குனிந்து பார்த்தேன். எனக்குத் தெரியவே தெரியாது. புரூப் பார்த்த எவர் கண்ணிலும் படவில்லை. போட்டோக்காரர் மாப்பிள்ளையையும் பெண்ணையும் அழித்த இடத்தில் லேசாக ஒரு கறை நின்றிருக்கிறது. மணிக்கணக்கில் பார்த்தவளுக்குத்தான் அது தெரிந்திருக்கிறது. வெட்கமாகப் போய்விட்டது. உள்ளதைச் சொன்னேன், இங்கே ஒரு கல்யாண ஜோடி நின்றது, நாங்கள்தான் அழித்தோம் என்று.

"நான் அது நானும் இவரும்னு நெனச்சுக்குவேன்" என்றாள். "நல்லவேளை அழிச்சீங்க. எங்களுக்கு எடம் கெடச்சுது."

அவர் வேறு பக்கம் திரும்பிக்கொண்டார். தம்பி எழுந்து போய் மறுபடியும் மீட்டர் பெட்டியைத் திறந்து பார்த்தான்.

சாயங்காலம் நெருங்கிவிட்டது. ரயிலுக்கு இன்னும் கொஞ்ச நேரம்தான் இருந்தது. ஸ்டேஷனுக்குப் போகிற நேரத்தையும் கழித்துப் பார்த்துவிட்டு, "போதுங்க, கிளம்பலாம். உங்களுக்குத்தான் ரொம்பச் சிரமம் குடுத்துட்டோம்" என்று அவர் பையை எடுத்தார். காலி பாட்டிலை எடுத்து அவளே பைக்குள் வைத்தாள். அழுதிருந்தால்கூடத் தாங்கியிருப்பேன். நல்ல பிள்ளையாக அதை எடுத்து வைத்தாளே, அதை என்னால் தாங்க முடியவில்லை. ஆட்டோவுக்குப் போன் போட்டேன்.

ஆட்டோ வரப்பு முனைக்கு வந்து திரும்பி நிற்கிற நேரத்தில் மோட்டார் ரூமுக்குள்ளிருந்து தம்பி கத்தினான்.

"யக்கா! வந்துட்டு! வந்துட்டு!"

ஸ்டார்ட்டரைத் தட்டினான். ஒரு தடவை உறுமி நின்றுவிட்டது. "தட்டுலே, தட்டு!" என்று நான் வெளியே நின்று கத்தினேன். மறுபடி தட்டினான். மோட்டார் ஓடியது. குழாய் இருமியது, செருமியது, ஒரு வாய் கலங்கல் தண்ணீரைத் துப்பியது. பிறகு வந்தது பாருங்கள், யானைத் தும்பிக்கை பருமனுக்குத் தண்ணீர்! தொட்டிக்குள் விழுந்த சத்தத்தில் நாங்கள் பேசியது எங்களுக்கே கேட்கவில்லை.

அவள் ஓடினாள். அவர் பின்னாலேயே ஓடி, அவளுடைய இடது கையைப் பிடித்துக்கொண்டார். டயாலிசிஸ் ஊசி போடுகிற கை அது, நனையக் கூடாது. பிளாஸ்டிக் கவரைச் சுற்றி, அந்தக் கையை மட்டும் தொட்டிக்கு வெளியே தன் தோளில் வைத்துக்கொண்டு அவர் நின்றார். மீதி உடம்பு முழுக்கத் தண்ணீருக்குள் போனது. தலையில் விழுந்ததும் அவள் போட்ட சத்தத்தில் மாமரத்துக் காக்கை எல்லாம் பறந்தன.

"கைய நனச்சிராத!" என்று நான் கத்தினேன். "வழுக்கும், பாத்து நில்லுங்க!" என்று தம்பி கத்தினான். "வாய மூடிக்கோ, குடிச்சிராத!" என்று அவர் கத்தினார். எங்கள் சத்தம் எதுவும் அவள் காதில் விழவில்லை. முகத்தை மேலே தூக்கி, கண்ணை மூடி, வாயை இறுக மூடிக்கொண்டு நின்றாள். தண்ணீர் உதட்டின் மேல் வழிந்து வழிந்து போகிறது. அவ்வளவு தாகத்திலும் அந்த வாயைத் திறக்கவில்லை.

நேரமாயிற்று என்று நான் கையைக் காட்டினேன். அப்போது என் தம்பி, காலையில் தண்ணீருக்கு அவ்வளவு கணக்குப் பார்த்த அதே ஆள், "நிக்கட்டும்க்கா. வெண்டை எங்கயும் ஓடிப்போவாது" என்றான்.

அவளே வெளியே வந்தாள். பல் கிடுகிடுத்தது. பையிலிருந்து அந்தச் சின்ன பாட்டிலை எடுத்து, குழாயில் விழுகிற தண்ணீரில் பிடித்தாள். நிறைந்ததும் வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தாள். பிறகு தொட்டிச் சுவரில் உட்கார்ந்து குடிக்க ஆரம்பித்தாள். ஒவ்வொரு வாயையும் உடனே விழுங்காமல், வாயிலேயே கொஞ்சம் வைத்திருந்து, பிறகு விழுங்கினாள். பாதியில் நிறுத்தி அவரிடம் நீட்டினாள். அவர் தலையை ஆட்டி மறுத்தார். மறுபடியும் குடித்தாள். ஒரு மனுஷி தண்ணீர் குடிப்பதை அப்படி உட்கார்ந்து நான் அதுவரை பார்த்ததில்லை. எனக்கு அழுகை வந்துவிட்டது. தம்பி வாய்க்கால் மடையை வெட்டப் போகிறேன் என்று மண்வெட்டியை எடுத்துக்கொண்டு நகர்ந்துவிட்டான்.

கடைசிச் சொட்டையும் குடித்துவிட்டு அவள் சொன்னாள்: "அருவித் தண்ணி நல்லா இருக்குக்கா."

இது அருவி இல்லம்மா என்று சொல்ல வாயெடுத்தேன். சொல்லவில்லை. ஈரத்தலையோடு ஆட்டோவில் ஏறினார்கள். ரயிலைப் பிடித்துவிட்டார்கள்.

அடுத்த மார்கழியில் மறுபடியும் அட்டை அடித்தபோது, அருவிப் படத்துக்குக் கீழே சாரல் காலம் ஆனி, ஆடி என்று கொட்டை எழுத்தில் போட்டேன். படத்தின் அழகே கெட்டுப்போச்சு என்று போட்டோக்காரர் இன்றுவரை முனகுகிறார். முனகட்டும். ஓரத்துக் கறையையும் சரிசெய்து தருகிறேன் என்றார். அதை மட்டும் தொடக் கூடாது என்று சொல்லிவிட்டேன்.

அதற்கு வெகு முன்பே, வைகாசியிலேயே அறுவை சிகிச்சை நல்லபடியாக முடிந்தது என்று நர்ஸ் பிள்ளை மூலமாகத் தகவல் வந்தது. அதற்குப் பிறகு சில மாதம் கழித்து, கடையில் முகூர்த்தக் காலத்துக் கூட்டம் பிதுங்கி வழிகிற ஒரு பகலில் அந்தப் பெண்ணே போன் செய்தாள்.

"அக்கா, ஒரே தொல்லையா இருக்குக்கா. இப்ப நெறையத் தண்ணி குடிக்கணுமாம். நாள் பூரா குடி, குடின்னு உயிர எடுக்கிறாங்க. இவரு வேற, தனக்குத் தையல் போட்ட வயித்தப் பிடிச்சுக்கிட்டு, பெரிய பாட்டிலும் கையுமா என் பின்னாடியே அலையிறாரு. வயிறு முட்டிப் போகுதுக்கா. என்னால முடியல!"

எதிரில் பத்திரிகை அடிக்க வந்தவர்கள் என்னையே பார்த்துக்கொண்டு நின்றார்கள். "பேசாமக் குடி, மூதி!" என்று போனிலேயே ஒரு சத்தம் போட்டேன். அவள் சிரித்தாள். நான் கண்ணைத் துடைத்துக்கொண்டு, தாய்மாமன் பெயர் விட்டுப்போச்சு என்று சண்டைக்கு வந்தவரைக் கவனிக்கப் போனேன்.

என் கோபம் குறைந்துவிட்டதா என்றால், இல்லை. பிளக்ஸைப் பார்த்தாலும் வருகிறது, தம்பியைப் பார்த்தாலும் வருகிறது. ஆனால் தாகம் எடுத்தவுடன் யாரையும் கேட்காமல், அளவு பார்க்காமல் எழுந்துபோய் ஒரு தம்ளர் தண்ணீர் குடித்துவிட முடிகிற நாளெல்லாம் நல்ல நாள்தான் என்பதை, எவ்வளவு எரிச்சலில் இருந்தாலும் அந்தத் தம்ளரைக் கையில் எடுக்கும்போது என்னால் மறக்க முடிவதில்லை.